பலகைத் தெரு

எங்கள் டீச்சர் தொடாத பொருள்களை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் சிலேட்டுகள். நூல் கோக்க முடியாமல் நாங்கள் திணறிய ஊசிகள். கோணலாகத் தைத்த துணி. கணக்கின் நடுவில் நின்றுபோன சாக்குக் கட்டி. பிறகு, அந்தக் கடைசி வருஷத்தில், கம்பி, பல்பு, பிளேடு, பாட்டரி.

பிள்ளைகளைத் தொடுவார். தலை கலைந்திருந்தால் பின்னிவிடுவார். காய்ச்சலா என்று கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். ஆனால் ஒரு பிள்ளை ஒரு வேலையைக் கையில் எடுத்துவிட்டால் போதும், அவருடைய இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் போய்விடும். வலது கை இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் நாங்கள் அழுதாலும் சரி, மணி அடித்தாலும் சரி, அந்தக் கைகள் முன்னால் வராது.

ராயபுரத்தில் கடலுக்கும் துறைமுகத்துக்குப் போகும் கூட்ஸ் லைனுக்கும் நடுவே எங்கள் பள்ளி இருந்தது. பெண்பிள்ளைகள் மட்டும் படித்தோம். மீன்பிடிக் குப்பத்துப் பிள்ளைகள், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களின் பிள்ளைகள், என்னைப் போலத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடை வைத்தவர்களின் பிள்ளைகள். என் அப்பா கயிறும் ஆணியும் டார்ச் விளக்கும் விற்றார். சுதந்திரம் வந்த புதிது. தெருவில் விளக்குக் கம்பம் இருந்தது. எங்கள் வீடுகள் எதிலும் கரண்ட் கிடையாது.

டீச்சருக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது. தண்டையார்பேட்டையில் வீடு. பாடம் நடத்தும்போது புத்தகத் தமிழ் பேசுவார். கோபமோ பயமோ வந்தால் எங்களைப் போலவே பேசுவார். ஒருநாள் முதல் வகுப்புக் குழந்தை ஒன்று ஒரு பீரியடு முழுக்க ‘அ’ எழுதிக்கொண்டிருந்தது. அதன் சுழி ஒவ்வொரு தடவையும் எங்கோ போய் முட்டிக்கொண்டது. டீச்சர் பக்கத்தில் குந்தியிருந்தார், கைகள் பின்னால். பார்க்கப் பொறுக்காமல் பள்ளி ஆயா, கையைப் பிடித்து ஒரு தடவை எழுதிக் காட்டினால் தீர்ந்தது என்றாள். “புடிச்சு எழுதலாம் ஆயா. நாளைக்கு யாரு வந்து புடிப்பாங்க?” என்றார். குழந்தை மறுபடி அழித்தது.

இதை நாங்கள் நல்ல குணம் என்று நினைக்கவில்லை. சோம்பல் என்று சில பேர் சொன்னார்கள். பயம் என்று சில பேர். கரண்ட் பாடம் தொடங்கிய பிறகு பயம் என்ற கட்சிக்குப் பலம் கூடியது.

அந்தப் பாடம் வந்த விதம் இது. எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை உண்டு. ஆறிலிருந்து எட்டு வரை விஞ்ஞானம் செய்முறையோடு நடத்த வேண்டும் என்பது விதி. எங்கள் விஞ்ஞான அலமாரியில் இருந்தவை: உடைந்த காந்தம் ஒன்று, திரியில்லாத ஸ்பிரிட் விளக்கு, பாட்டிலுக்குள் ஒரு பல்லி. அடுத்த தடவை இன்ஸ்பெக்டர் சோதனைக்கு வரும்போது பிள்ளைகள் செய்முறை செய்து காட்டாவிட்டால் மேல் வகுப்புகள் மூன்றுக்கும் அங்கீகாரம் போய்விடும் என்று பள்ளியை நடத்துகிற மேனேஜர் டீச்சரைக் கூப்பிட்டுச் சொன்னார். மேனேஜருக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. பெண்பிள்ளைக்கு ஐந்து வகுப்பு போதும் என்று வெளிப்படையாகவே சொல்கிறவர்.

மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்தபோது டீச்சரின் முகம் எப்படி இருந்தது என்பது எனக்கு நினைவிருக்கிறது. துறைமுகத்தில் விபத்து என்று சங்கு ஊதினால் தெருப் பெண்கள் வாசலில் வந்து நிற்பார்களே, அந்த முகம்.

வகுப்பை மூடினால் யாருக்கு என்ன ஆகும் என்பதை நான் அப்போதே மனதில் வரிசைப்படுத்திப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் ஆகாது. அப்பா டிராமில் ஏற்றி ஜார்ஜ் டவுன் பள்ளிக்கு அனுப்புவார். என்னோடு படித்த பாத்திமாவை அவ்வளவு தூரம் அனுப்ப மாட்டார்கள், வீட்டோடு இருந்துவிடுவாள். குப்பத்துக் கன்னியம்மாவுக்கு மீன் கூடை. அவள் அப்பா அதை டீச்சரிடமே சொன்னார். பெண்ணை நிறுத்தப் போகிறார் என்று கேள்விப்பட்டு டீச்சர் குப்பத்துக்குப் போயிருந்தார், நானும் கூடப் போனேன். கன்னியம்மாவின் அப்பா வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கிளாஸு கீதுன்னா படிக்கட்டும் டீச்சரம்மா. நான் வாணான்னா சொல்றேன்? இல்லாங்காட்டி அவ ஆத்தாவோட கூடை தூக்கட்டும்” என்றார். எட்டு முடித்தால் நர்ஸ் படிப்புக்குப் போகலாம், டீச்சர் டிரெயினிங் போகலாம் என்று டீச்சர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரே விஷயத்தை மூன்று விதமாகச் சொன்னார். அவர் கெஞ்சி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மின்சாரம் அவருக்குத் தெரியாது. எங்கிருந்தோ ஒரு புத்தகம் வாங்கி வந்தார். எங்களைப் படிக்கச் சொல்லித் தானும் கேட்டார். எதையாவது கேட்டால், “எனக்கும் தெரியாது. செஞ்சு பாப்போம்” என்பார். மற்றப் பாடங்களுக்குக் கண்ணாடிக் குழாய் வேண்டும், தராசு வேண்டும். இதற்கு வேண்டியது எல்லாம் எங்கள் பக்கத்திலேயே தூக்கிப் போட்டுக் கிடக்கிறது என்று கண்டுபிடித்தது அவருடைய சாமர்த்தியம். பலகை, துறைமுகத்துச் சாமான் பெட்டியை உடைத்ததில் வந்தது. கம்பி, திருவொற்றியூர் சாலையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறவரிடம் கருகிப் போய் அவிழ்த்தெடுத்த செம்புக் கம்பி. பல்பு எங்கள் கடையில். வீடு செய்ய பிஸ்கட் தகரம். டார்ச் பாட்டரிகளைக் குப்பத்திலும் வாட்ச்மேன்களிடமும் பொறுக்கினோம், எல்லாம் செத்தவை. அவற்றில் ஆணியால் துளை போட்டு, நவச்சாரம் என்கிற உப்பைக் கரைத்த தண்ணீரில் ஊற வைத்தால் கொஞ்ச காலத்துக்கு உயிர் வரும் என்று மோட்டார்காரர் சொல்லிக் கொடுத்தார்.

நவச்சாரத்துக்கு ஈயம் பூசுகிற பாயிடம் போனோம். பாத்திரம் ஒன்றும் இல்லாமல் நவச்சாரம் மட்டும் எதற்கு என்று கேட்டார்.

“செத்த பாட்டரிக்குப் புகட்டப் போறோம் பாய்,” என்றார் டீச்சர்.

“பாட்டரிக்கு மருந்தா? அப்டியே என் முட்டிக்கும் எதனா கீதான்னு அந்தப் பொஸ்தகத்துல பாரும்மா.”

டீச்சர் சிரித்தார். அந்த மாதங்களில் அவர் சிரித்ததற்கு வேறு சாட்சி என்னிடம் இல்லை.

பலகையில் ஒரு தெரு கட்டினோம். ஒவ்வொரு தகர வீடும் ஒரு பிள்ளையின் வீடு. வீட்டுக்கு ஒரு பல்பு, வாசலில் மடக்குகிற தகரத் துண்டு ஒன்று, அதுதான் சுவிட்ச். முதலில் எல்லா வீட்டையும் ஒரே கம்பியில் மாலை கோப்பது போல் கோத்தோம். மங்கலாக எரிந்தது. கத்தினோம். அடுத்த நிமிஷம் பாத்திமா தன் வீட்டு சுவிட்சைத் தூக்கி விளக்கை அணைத்தாள், தெருவே இருண்டது. கன்னியம்மாவுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. “நீ படுத்துக்கினா நானும் படுத்துக்கணுமா? உன் வூட்டு ராஜ்யமா?” என்று கேட்டாள். பாத்திமா அவள் வீட்டைப் பிடுங்கப் போனாள். டீச்சர் விலக்கிவிட்டார், விடையைச் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருந்ததா என்பதும் எனக்குத் தெரியாது.

சோதனை நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் அவிழ்த்தோம், கட்டினோம், அவிழ்த்தோம். நான் அவரிடம் தனியாகப் போய், தெரிந்தால் சொல்லிவிடுங்கள் டீச்சர் என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், “சொன்னா செய்வீங்க. அன்னிக்கி அது எரியலைன்னா யாரைக் கேப்பீங்க?” என்றார். கடைசியில் பாத்திமாதான் தெருக் குழாயைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள், தெரு முழுக்க ஒரு பெரிய குழாய் போகிறது, அதிலிருந்து அவரவர்க்கு ஒரு கிளை, அதுபோல் போட்டால் என்ன என்று. தெருவின் இரண்டு பக்கமும் இரண்டு கம்பி ஓட்டி, நடுவில் வீடுகளைக் கட்டினோம். ஒரு வீட்டை அணைத்தால் மற்றவை எரிந்தன. இப்போது மின்சார மீட்டர்களைச் சோதிக்கிற கூடத்தில் வேலை செய்கிறேன். என் கையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்கி, “இப்படிம்மா” என்று செய்து காட்டியவர்கள் அங்கே பலர். அவர்கள் காட்டிய எதுவும் எனக்கு நினைவில்லை. அந்த இரண்டு கம்பி நினைவிருக்கிறது.

எல்லாமே இப்படி இனிமையாக இல்லை. அந்தச் செம்புக் கம்பியின் மேல் ஒரு பூச்சு உண்டு. முனையில் அதைச் சுரண்டினால்தான் கரண்ட் பாயும். சுரண்டும்போது பாத்திமாவின் விரல் ஆழமாக வெட்டிவிட்டது. டீச்சர் தன் புடவை ஓரத்தைக் கிழித்துக் கட்டினார். ரத்தம் நின்றதும் அதே பிளேடைக் கண்ணால் காட்டி, மிச்சத்தையும் சுரண்டி முடிக்கச் சொன்னார். அவள் அழுதுகொண்டே சுரண்டினாள். அன்று எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. மறுநாள் பாத்திமாவின் அம்மா வாசலில் வந்து நின்றாள்.

“இன்னா டீச்சரம்மா, புள்ள கையில பிளேடக் குட்த்துட்டு நீ பின்னால கையக் கட்டிகினு நிக்கறியாமே? சர்க்கஸா காட்டறாங்க இங்க?”

டீச்சர் மன்னிப்புக் கேட்டார். பெண்ணை மட்டும் நிறுத்திவிட வேண்டாம் என்று கேட்டார். ஒரு பிள்ளை குறைந்தாலும் வகுப்பை மூட அது ஒரு காரணமாகிவிடும் என்று அந்த அம்மாளிடம் ஒளிக்காமல் சொன்னார். அந்த அம்மாள் அதைக் கேட்டு வசவை நிறுத்திவிட்டு, பெண்ணை உள்ளே தள்ளிவிட்டுப் போனாள்.

கடைசி வாரத்தில் எதிரி வேறு பக்கத்திலிருந்து வந்தது. கடல் காற்று. கம்பி முடிச்சுகளில் பச்சைக் களிம்பு பிடித்தது, தகரம் துருவேறியது. தேய்த்த மறுநாளே திரும்ப ஏறியது. டீச்சர் வகுப்பில் கணக்கு நடத்துகிறபோதும் நடுவில் நிறுத்தி, “பச்சை ஏறக் கூடாது” என்பார். பாட்டரிகளும் சாகத் தொடங்கியிருந்தன. அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று ஆயா சொன்னாள்.

சோதனை திங்கட்கிழமை. சனிக்கிழமை எரிந்தது. திங்கள் காலை, பாட்டரிகளை வீணாக்க வேண்டாம் என்று எரித்துப் பார்க்கவில்லை.

இன்ஸ்பெக்டரம்மா காரில் வந்தார். கறுப்புக் குடையை ஊன்றிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். கடுகடுப்பானவர் இல்லை, அவசரத்தில் இருந்தவர். கன்னியம்மா பாடத்தை ஒப்பித்தாள். தெரு முழுவதற்குமான பெரிய சுவிட்சை மடக்கினாள். ஒன்றும் எரியவில்லை.

மறுபடி மடக்கினாள். வீட்டு சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அழுத்தினோம். பல்புகளைத் திருகினோம். மேனேஜர் டீச்சரின் காதருகே குனிந்து, நீங்கள் ஒரு கை வையுங்கள் அம்மா என்றார், எல்லோருக்கும் கேட்டது. இன்ஸ்பெக்டரம்மாவும் அதைத்தான் எதிர்பார்த்து டீச்சரைப் பார்த்தார்.

நான் டீச்சருக்குப் பின்னால் நின்றிருந்தேன். அதனால் எனக்கு மட்டும் தெரிந்தது. வலது கை இடது மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியில் நகங்கள் தோலுக்குள் இறங்கியிருந்தன. ஒரு தடவை அந்தக் கை பிடியை விட்டுவிட்டது. முன்னால் வரப் போகிறது என்றே நினைத்தேன். வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அது திரும்பிப் போய் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

“தேடுங்கடி. எங்கியோ வுட்டுப் பூட்ச்சு. தேடுங்க,” என்றார்.

அந்தப் பேச்சைக் கேட்டு இன்ஸ்பெக்டரம்மாவின் புருவம் உயர்ந்தது. டீச்சர் இன்னும் பத்து நிமிஷம் கேட்டார், இன்ஸ்பெக்டரம்மா கொடுத்தார். அது முடிந்ததும் இன்னும் ஐந்து நிமிஷம் கேட்டார். இன்ஸ்பெக்டரம்மா, வேறொரு பள்ளி காத்திருக்கிறது என்று சொல்லிப் புத்தகத்தை மூடினார். கார் கிளம்பிய சத்தம் கேட்டது. மேனேஜர் வழியனுப்பப் போனவர் திரும்பி வரவில்லை. எங்களில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

கன்னியம்மா கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். அப்படியே நிறுத்தி, விரலை மோந்து பார்த்தாள்.

“எண்ணெ,” என்றாள்.

பள்ளிக்குப் பக்கத்துக் குப்பம் என்பதால் சாவி அவளிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்து, எல்லா முடிச்சுக்கும் சுவிட்சுக்கும் சுறா எண்ணெய் தடவி வைத்திருக்கிறாள். அவள் அப்பா படகுக்கும் இரும்புக்கும் அதைத்தான் தடவுவார், உப்புக் காற்று ஏறாது. பச்சை ஏறக் கூடாது என்று டீச்சர் சொன்னாரே. அது காய்ந்து வார்னிஷ் போலப் பிடித்துக்கொண்டிருந்தது. பச்சை ஏறவில்லை. கரண்டும் ஏறவில்லை.

அவளை யாரும் திட்டவில்லை. திட்ட நேரமில்லை. பிளேடு, ஆணி, சாக்குத் தூள், பாவாடை ஓரம், எது கைக்குக் கிடைத்ததோ அதைக் கொண்டு எல்லோரும் சுரண்டினோம். ஒரு வீடு எரிந்தது. இன்னொன்று. தெரு முழுக்க எரிந்தபோது, கூட்ஸ் வண்டியின் விசில் கேட்டது.

டீச்சர் ஜன்னலுக்கு ஓடினார். “ரயில் கேட்டு மூடிகீது. ஷண்டிங். காரு இன்னும் அங்கதான் நிக்குது. தூக்குங்கடி.”

தூக்கினோம். பலகையின் நான்கு பக்கமும் பிள்ளைகள், பாட்டரிகளை ஊற வைத்த ஊறுகாய் ஜாடிகளை அணைத்துக்கொண்டு நானும் பாத்திமாவும். தெருவில் போனவர்கள் என்ன பாடை என்று கேட்டார்கள். ரயில்வே கேட்டில் மாட்டு வண்டிகளுக்குப் பின்னால் அந்தக் கார் நின்றிருந்தது. கூட்ஸ் வண்டி முன்னால் போவதும் பின்னால் வருவதுமாக இருந்தது. கன்னியம்மா கார்க் கண்ணாடியைத் தட்டினாள். இன்ஸ்பெக்டரம்மா, பிச்சை கேட்கிறார்கள் என்று நினைத்து முதலில் கையை அசைத்தார். பிறகு பலகையைப் பார்த்தார்.

உச்சி வெயில். பல்பு எரிவது தெரியவே இல்லை. “எரியுதுங்க மேடம். சத்தியமா எரியுது,” என்று கன்னியம்மா சொல்லிக்கொண்டே உள்ளங்கைகளைக் குவித்து மூடினாள். தகர வீடுகளுக்குள் குனிந்து பாருங்கள் என்று ஆளாளுக்குக் கெஞ்சினோம். இன்ஸ்பெக்டரம்மா கதவைத் திறந்து இறங்கினார். குடையை விரித்துப் பலகைக்கு மேல் தாழ்த்திப் பிடித்து, தலையை உள்ளே விட்டார்.

வெகுநேரம் பார்த்தார். ஒரு வீட்டை அணைக்கச் சொன்னார். மற்றவை எரிந்தன. ஏன் என்று கேட்டார், பாத்திமா குழாயைச் சொன்னாள். காலையில் ஏன் எரியவில்லை என்றார். எண்ணெய் தடவியது தான்தான் என்று கன்னியம்மா மறைக்காமல் சொன்னாள்.

“எண்ணெய்தான் காரணம் என்று டீச்சர் சொன்னாரா?”

“இல்லீங்க மேடம், நாங்களே கண்டுபுடிச்சோம்.”

“கம்பி போட்டது? பாட்டரி?”

“எல்லாம் நாங்கதான். அவங்க ஒண்ணுமே செய்யல மேடம். தொடவே மாட்டாங்க.”

அவளுக்குத் தெரிந்த மிகப் பெரிய புகழ்ச்சி அது. டீச்சர் அதற்குள் எங்கள் பின்னால் வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றிருந்தார். அதைக் கேட்டு அவர் முகம் மலர்ந்தது. இன்ஸ்பெக்டரம்மா குடையை மடக்கி, அவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். ரயில்வே கேட்டைத் திறந்துவிட்டார்கள்.

உத்தரவு வந்தபோது மேனேஜர் எல்லோரையும் நிற்க வைத்துப் படித்தார். மேல் வகுப்புகள் மூன்றும் தொடரலாம். மாணவிகளின் செய்முறை திருப்தி. ஆனால் விஞ்ஞான ஆசிரியை செய்முறையில் எந்தப் பங்கும் எடுத்துக்கொள்ளவில்லை, மாணவிகள் திணறியபோதும் உதவத் தெரியாமல் நின்றார், இதை மாணவிகளே உறுதிப்படுத்தினார்கள். தகுதி பெற்ற ஆசிரியை ஒருவரை நியமித்துக்கொள்ள வேண்டும். டீச்சர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். எட்டாம் வகுப்பு இருக்கிறது அல்லவா என்று. இருக்கிறது என்றார் மேனேஜர்.

அவரை முதல் வகுப்புக்கு மாற்றினார்கள். பட்டம் பெற்ற புது டீச்சர் வந்தார். அவருடைய முதல் விஞ்ஞான பீரியடில் நாங்கள் யாரும் உள்ளே போகவில்லை. எல்லோரும் கீழே இறங்கி முதல் வகுப்பு வாசலில் போய் நின்றோம். கன்னியம்மா நிலைப்படியில் முகத்தைப் பதித்துக்கொண்டு அழுதாள். “என்னாலதான் டீச்சரு. நான்தான் வாய வுட்டேன். எண்ணெயும் நான்தான் வெச்சேன்.”

டீச்சர் வெளியே வந்து எங்கள் பின்னால் மாடிப்படியைப் பார்த்தார். வேறு யாரும் வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் பேசினார்.

“எண்ணெ வெச்சதும் நீ, அத்தக் கண்டுபுடிச்சதும் நீ. நடுவுல எனக்கு இன்னாடி வேலை?” என்றார். அவளுடைய முகத்தைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்தார். பிறகு அவர் குரலில் அந்தப் பழைய பயம் வந்துவிட்டது. “எல்லாரும் இங்க வந்து நின்னுக்கினா? மேல கிளாஸு காலியா கீதுன்னு எவனாவது பாத்தான்னா அத்தயும் எழுதி வெச்சுடுவான். போங்க. போய் ஒக்காருங்க. சீக்கிரம்.”

கன்னியம்மா முதலில் நகர்ந்தாள். நாங்கள் சத்தமில்லாமல் மாடியேறி, அவரவர் இடத்தில் உட்கார்ந்தோம். புது டீச்சர் பெயர் கூப்பிட ஆரம்பித்தார். ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லோரும் இருந்தோம்.